18 முடிந்த மறுநாள் எங்கே போவது?

லீவு முடிஞ்சு ராத்திரி பஸ்ஸில் கிளம்பி, விடியற்காலை மூணு மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். பக்கத்தில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவனும் நம்மைப் போல அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சிலருக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்று கிடையாது. வீட்டில் அடி தாங்காமல் கிளம்பியவர்கள், கல்யாணப் பேச்சிலிருந்து தப்பி வந்தவர்கள், வேலை தேடி வந்து ஏமாந்தவர்கள், "நீ எங்க புள்ளையே இல்ல" என்று துரத்தப்பட்ட திருநங்கைகள், காப்பகத்தில் வளர்ந்து வயது முடிந்து வெளியே வந்தவர்கள் எனப் பல பேர்.

இவர்களில் ஒருவரை நீங்கள் பார்த்தால் யாரைக் கூப்பிடணும்? கூப்பிட்டால் என்ன நடக்கும்? இரண்டுக்கும் பதில், அவருக்கு 18 வயது ஆகிவிட்டதா இல்லையா என்பதைப் பொறுத்தது. அந்த ஒரு பிறந்தநாளுக்கு முன்னும் பின்னும் கிடைக்கிற உதவியில் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. அதைப் புரியவைக்கத்தான் இந்தக் கட்டுரை.

மதுரைக்கு இது புதுசு இல்லை

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரனை நினைத்துப் பாருங்க. பெற்ற தாய் பிறந்தவுடனே விட்டுவிட்டுப் போன குழந்தை அவன். எடுத்து வளர்த்த குடும்பமும் ஒரு கட்டத்தில் அவனைக் கைவிடுகிறது. ஊரே விரட்ட, அவன் வந்து சேர்ந்த இடம் மதுரை. சிந்தாதேவி கோயிலின் முன்மண்டபத்தில் தங்கி, பிச்சை எடுத்த சோற்றை முதலில் பார்வையற்றோருக்கும் ஆதரவற்றோருக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தான் சாப்பிட்டான். அமுதசுரபி அவன் கைக்கு வந்ததும் இதே ஊரில்தான்.

சோறு போடுவதிலும் ஒரு ராத்திரி தங்க இடம் கொடுப்பதிலும் மதுரை என்றைக்குமே பின்வாங்கியதில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தின் பெயரே அதற்குச் சாட்சி. ஆனால் 17 வயதுப் பையனுக்கோ 19 வயதுப் பெண்ணுக்கோ ஒரு வேளைச் சோறும் ஒரு ராத்திரிப் பாயும் மட்டும் போதாது. ஆதார் கார்டில் போட ஒரு முகவரி, படிப்பைத் தொடர வழி, உடம்பு சரியில்லைன்னா கூப்பிட ஒரு ஆள், இவையெல்லாம் வேணும். இவற்றைத் தனி மனிதரின் தர்மத்தால் வருஷக்கணக்கில் கொடுக்க முடியாது. ஒரு அமைப்பால்தான் முடியும்.

18-க்குள் இருந்தால்: 1098

இந்த எண் 1996-இல் மும்பையில் தொடங்கியது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜெரூ பில்லிமோரியா, தெருவில் வாழும் குழந்தைகளோடு வேலை செய்தபோது உருவாக்கியது. பல வருஷம் தொண்டு நிறுவனங்கள் மூலம் நடந்தது. 2023-இல் மாநில அரசுகளின் பொறுப்புக்கு மாறி, 112 அவசர எண்ணோடு இணைக்கப்பட்டது. மாவட்ட அளவில் இதைப் பார்ப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அழைப்புக்குக் காசு இல்லை, 24 மணி நேரமும் உண்டு.

கூப்பிட்ட பிறகு நடப்பதை இளைஞர் நீதிச் சட்டம், 2015 தெளிவாகச் சொல்கிறது. மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நான்கு பேர் கொண்ட இந்தக் குழுவுக்கு மாஜிஸ்திரேட்டுக்கு உரிய அதிகாரம் உண்டு. குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாமா, அங்கே ஆபத்தா, காப்பகத்தில் வைக்கணுமா, உறவினர் பொறுப்பில் விடலாமா என்று விசாரித்து முடிவு செய்வது இந்தக் குழுதான். போலீஸ்காரரோ, காப்பகம் நடத்துகிறவரோ, நாமோ இல்லை.

ரயில் நிலையத்தில் பார்த்தால் ரயில்வே பாதுகாப்புப் படையிடம் சொல்லலாம். வீட்டை விட்டு ஓடிவரும் குழந்தைகளில் பலர் முதலில் ஏறுவது ரயிலில்தான் என்பதால், 2018 முதல் இதற்கென்றே தனி நடவடிக்கை அவர்களிடம் இருக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். ஆதரவின்றித் தனியாக இருக்கும் குழந்தையைக் கண்டு பொறுப்பேற்றவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியே ஆகணும் என்கிறது 32-ஆவது பிரிவு. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "நமக்கெதுக்கு வம்பு" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

"தெரிஞ்ச ஆசிரமத்தில் விட்டுடலாமே?"

கூடாது. 2021 ஜூன் மாதம் மதுரையில் நடந்ததை நினைவில் வைத்துக்கோங்க. ஒரு தனியார் காப்பகத்தில் இருந்த குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் தயாரித்து, குழந்தையை விற்றதாக வழக்குப் பதிவானது. காப்பகத்துக்குச் சீல் வைத்தார்கள். அதுவரை அது ஊரில் நல்ல பெயர் எடுத்த இடம்தான்.

குழந்தைகளை வைத்திருக்கும் ஒவ்வொரு இல்லமும் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பிறந்தநாளுக்கு ஏதாவது இல்லத்தில் சாப்பாடு போட நினைத்தால்கூட, பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்க. நல்ல இல்லம் நடத்துகிறவர்கள் அதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

18 முடிந்தால்?

இங்கேதான் சிக்கல். காப்பகத்தில் வளரும் ஒருவருக்கு 18 முடிந்தால், சட்டப்படி அவர் குழந்தை இல்லை. கிளம்பணும். பிளஸ் டூ முடித்து ஒன்றிரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். நம்மில் யாரையாவது அந்த வயதில் "இனிமே உன் பாட்டை நீயே பார்த்துக்கோ" என்று வீட்டில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 46-ஆவது பிரிவில் 'பிற்காப்பு' என்று ஒன்று இருக்கிறது. காப்பகத்திலிருந்து வெளியேறுபவர்களுக்கு 21 வயது வரை, தேவை மிகவும் அதிகமாக இருந்தால் மேலும் இரண்டு ஆண்டு, உதவி தரலாம். ஆறிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் தற்காலிக வீடு, தொழிற்பயிற்சிக்கு உதவித்தொகை, வழிகாட்ட ஒரு ஆலோசகர் ஆகியவை 2016 மாதிரி விதிகளில் சொல்லப்பட்டிருக்கின்றன. 2022-இல் வந்த மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல் இதற்கு மாதம் 4,000 ரூபாய் என்று நிர்ணயித்தது.

ஆனால் இது தானா கைக்கு வராது. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வேணும். அதைக் கேட்டு வாங்கணும்னா, இப்படி ஒரு உரிமை இருப்பதே முதலில் தெரிந்திருக்கணும். இங்கிலாந்தில் காப்பகத்தில் வளர்ந்தவர் கேட்டால் 25 வயது வரை தனி ஆலோசகர் கிடைப்பார், 2017-இல் சட்டம் போட்டு அதை உறுதி செய்தார்கள். நம்ம ஊரில் 25 வயது வரைக்கும் பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பது வீடு. வீடே இல்லாதவருக்குச் சட்டம் தரும் அவகாசம் அதைவிடக் குறைவு.

காப்பகத்துக்கே போகாமல், 19 வயதில் நேரடியாகத் தெருவுக்கு வந்தவர்கள் கதை இன்னும் கஷ்டம். அவர்களுக்குப் பிற்காப்பும் கிடையாது. இருப்பது நகர்ப்புற வீடற்றோர் இரவுக் காப்பகங்கள். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் காப்பகம் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் மதுரை நகர்த்திரளின் மக்கள்தொகை 14.65 லட்சம். அப்படின்னா 14 காப்பகங்கள், 1,400 பேருக்கு இடம். எண்ணிக்கையைத் தாண்டி ஒரு கேள்வியும் இருக்கிறது. முதியவர்களும் நோயாளிகளும் படுத்திருக்கும் கூடத்தில், காலேஜ் வயதுப் பெண்ணோ திருநம்பியோ போய்ப் படுப்பாங்களா?

2021-இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் இந்தக் கேள்வியை உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். சேர்ந்து வாழ விரும்பிய இருவரும் வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு ஓடினார்கள். அங்கே அடைக்கலம் கொடுத்தவை தொண்டு நிறுவனங்கள். அந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பால்புதுமையினருக்குத் தங்குமிடம் கிடைக்கும்படி ஏற்கெனவே உள்ள குறுகிய கால இல்லங்களில் மாற்றம் செய்யச் சொன்னார்.

இதுல நம்ம காலேஜ் எங்க வருது?

நேராகவே வருது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. காப்பகத்தில் இருந்துகொண்டு அரசுப் பள்ளியில் படித்த ஒருவர் நம்ம கிளாஸில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். சொல்ல மாட்டார். அவருக்குச் சிக்கல் வரும் இடங்கள் இவை:

1. செமஸ்டர் லீவு. ஹாஸ்டலைப் பூட்டினால் நமக்கு ஊர் இருக்கு. அவருக்கு?
2. சான்றிதழ். சாதிச் சான்று கேட்டால் எதைக் காட்டுவார்? பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள யாருமில்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்தில் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இது தெரியாமலே பொதுப்பிரிவில் விண்ணப்பித்துவிடும் வாய்ப்பு இருக்கிறது.
3. "அப்பாவைக் கூட்டிட்டு வா." அட்டெண்டன்ஸ் குறைஞ்சா முதலில் கேட்பது இதைத்தான். கையெழுத்துப் போட ஆள் இல்லாதவருக்கு அது படிப்பையே விட்டுவிடுகிற இடம்.

இந்த மூன்றையும் சரிசெய்யப் பணம் பெரிதாகத் தேவையில்லை. லீவில் விடுதியின் ஒரு பகுதியைத் திறந்து வைக்கலாம். பெற்றோர் கையெழுத்துக்குப் பதில் துறை ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்கலாம். யார் எங்கே வளர்ந்தார்கள் என்பதை எல்லார் முன்னாலும் கேட்காமல், விண்ணப்பத்தில் ரகசியமாகக் குறிப்பிட ஒரு கட்டம் வைக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுவதோடு, பக்கத்து அரசுக் காப்பகத்தில் பிளஸ் டூ படிப்பவர்களுக்குக் கவுன்சலிங் விண்ணப்பம் போட உதவலாம். அது நாமே அண்மையில் செய்து முடித்த வேலைதானே.

போனில் சேமிக்க வேண்டியவை

1098: 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு.
181: ஆபத்தில் இருக்கும் பெண்களுக்கு. தற்காலிகத் தங்குமிடத்துக்கும் வழிகாட்டுவார்கள்.
14416: மனநல ஆலோசனை, எல்லா வயதினருக்கும்.
15100: இலவச சட்ட உதவி. பிற்காப்பு உத்தரவு மறுக்கப்பட்டால் முதலில் இங்கே கேளுங்க.

வயது தெரியாமல் குழப்பமாக இருந்தால் யோசிக்காமல் 1098-ஐ அழையுங்க. வயதை முடிவு செய்வது குழுவின் வேலை, நம்முடையது இல்லை. 18 தாண்டிய நண்பர் யாராவது "லீவுக்கு நான் ஊருக்குப் போகலடா" என்று இரண்டாவது தடவையும் சொன்னால், காரணத்தைக் குடையாதீங்க. "எங்க வீட்டுக்கு வா"ன்னு கூப்பிடுங்க. அதோடு வார்டனிடம் போய், லீவில் விடுதியைத் திறந்து வைக்கும்படி கேளுங்க. ஒருவர் வீட்டுக்கு அழைப்பது ஒரு பொங்கலுக்கு உதவும். விடுதி விதி மாறினால் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் உதவும்.