இசைக்கு உதவும் காந்தம்

திருச்சுழியை அடுத்துச் செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணற்பரப்பாகவே கிடக்கும். ஆற்றுமணலிற் காந்தமொன்றை இழுத்துச் சென்றால், கரிய இரும்புத் துகள்கள் அதன் முனைகளில் மீசைபோல் ஒட்டிக்கொள்ளும். சிறுவர் விளையாட்டுக்கு உதவும் இவ்வாற்றலே இன்னிசைக்கும் உதவுகின்றது.

மாண்டலின் மேனாட்டு இசைக்கருவி. அதன் ஒலி, மீட்டிய சிறிது நேரத்தில் அடங்கிவிடும். நம் இசைக்கு உயிரான கமகமோ, ஒலி நீண்டு நின்றாலன்றி விளங்காது. 1969இல் ஆந்திர நாட்டிற் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014இல் மறைந்த மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ், மின்சார மாண்டலினைக் கையாண்டு இக்குறையை வென்றார். 1998இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

மின்சார மாண்டலினிலும் கிதாரிலும் கம்பிகளின் கீழே 'பிக்கப்' என்னும் சிற்றுறுப்பு உண்டு. அதன் நடுவே காந்தம் இருக்கும். அதனைச் சூழ மெல்லிய செப்புக்கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். அருப்புக்கோட்டை நெசவாளர் இராட்டையால் தாரில் நூல் சுற்றுவதுபோல, அறுபடாமலும் தளராமலும் இதனைச் சுற்றுதல் வேண்டும். மேலேயுள்ள எஃகுக்கம்பி அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப்புலம் மாறுகின்றது; சுருளில் மெல்லிய மின்சாரம் பிறக்கின்றது. பாரடே என்னும் அறிஞர் 1831இல் கண்டறிந்த உண்மை இதுவே. அம்மின்சாரத்தைப் பெருக்கி ஒலிபெருக்கியிற் செலுத்தினால் இசை கேட்கும். நரம்பு, நைலான் முதலியவற்றாலான தந்திகளுக்கு இக்கருவி பயன்படாது.

பிக்கப்பைக் கையாற் செய்வோர்க்குக் காந்தத்தை வடிவாக்குவதே கடினமான பணி. இரும்பு, அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை கலந்த அல்னிகோ காந்தமே இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. அது மிகக் கடினமானது. ஆயினும் எளிதில் நொறுங்கும். அரத்தால் அராவ இயலாது. துளையிட முயன்றால் உடைந்துபோகும். சாணைக்கல்லிற் சிறிது சிறிதாகத் தேய்த்தே நீளத்தைக் குறைத்து, முனையை மழுக்குதல் வேண்டும். விரைந்து தேய்த்தால் சூடேறி விரிசல் காணும். ஆதலின் அடிக்கடி நீரில் நனைத்துக் குளிர்விப்பர். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மறைப்பும் அணிவர். காந்தமேற்றியபின் தேய்த்தால் துகள்கள் அதனையே பற்றிக்கொள்ளும். ஆகவே வடிவாக்கித் துடைத்த பின்னரே, வலிய காந்தங்களுக்கிடையே வைத்துக் காந்தமேற்றுவர்.

காந்தம் எவ்வளவு வலியதோ அவ்வளவு நன்று எனச் சிலர் எண்ணலாம். அஃது உண்மையன்று. வலிமை மிகுந்த காந்தம் கம்பியை மிக நெருங்கினால், கம்பியைத் தன்பால் இழுத்து அதன் அதிர்வை அடக்கும், சுருதியும் பிறழும். மிகத் தொலைவில் இருந்தாலோ ஒலி மெலியும். எனவே கைவினைஞர் மயிரிழையளவு தேய்த்தும், முனையின் உயரத்தை மாற்றியும், கம்பியை மீட்டிச் செவியாற் சோதித்தும் பொருத்தமான அளவைக் காண்கின்றனர். ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது. அஃது அளவோடு நின்றாலன்றி இசை பிறவாது.