அணி மாறினார்... ஆசை மாறவில்லை! தொரப்பள்ளி ராஜாஜி சொல்லும் பாடம்

தேர்தல் நெருங்கிவிட்டால் போதும்... மத்திகிரி டீக்கடை பெஞ்சில் தமிழ், கன்னடம், தெலுங்கு என மூன்று மொழியிலும் ஒரே கேள்விதான். “அவர் இப்போ எந்தக் கட்சி?”

இது நம் ஊர்ச் சலிப்பு மட்டும் இல்லை. அமெரிக்கப் பழமைவாதிகள் கொண்டாடும் ரொனால்டு ரீகன், 1962 வரை எதிர்முகாமான ஜனநாயகக் கட்சிக்காரர்தான். வரியைக் குறைக்க வேண்டும் என்று பேசியவர், கலிஃபோர்னியா கவர்னராக வந்ததும் 1967-ல் வரியை உயர்த்தினார்.

அவ்வளவு தூரம் ஏன்? மத்திகிரியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத தொரப்பள்ளிக்குப் போவோம். 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்த ஊர். இந்தியப் பழமைவாத அரசியலின் பெரிய தலைவரான அவரை, அடிக்கடி மாறுபவர் என்றார்கள் எதிரிகள். பிடிவாதக்காரர் என்றார்கள் நண்பர்கள். இரண்டுமே உண்மைதான்!

மாறிய ராஜாஜி

1938-ல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்துப் போராடியவர்கள் கைக்குழந்தைகளோடுகூட சிறைக்குப் போனார்கள். சிறைவாசத்தில் நோயுற்று 1939-ல் நடராசனும் தாளமுத்துவும் உயிரிழந்தார்கள். அதே ராஜாஜி 1960-களில், இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பதை எதிர்த்து, ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்று வாதாடினார்.

1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967-ல் தி.மு.க.வோடு கைகோத்துக் காங்கிரஸை வீழ்த்தினார். நான்கே வருடங்களில், தன் நீண்டகால அரசியல் எதிரியான காமராஜரோடு சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்தார். அந்த முறை தோற்றார்.

மாறாத ராஜாஜி

மது விஷயத்தில் மட்டும் அவர் கடைசி வரை நகரவே இல்லை. 1925-ல் திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமம் அமைத்த காலத்திலிருந்தே அது அவருடைய உயிர்ப்பிரச்னை. ஆட்சி கைக்கு வந்ததும், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அப்போது நம் ஓசூர் வட்டாரமும் சேலம் மாவட்டம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம். இவருடைய சட்டம் அங்கே செல்லாது. ஆனாலும் தயங்கவில்லை.

சாராய வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன வழி? 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவுக்கே அது புதுசு. பிற்காலத்தில் லைசென்ஸ், பர்மிட், கோட்டா ஆட்சியைச் சாடிய அதே மனிதர்தான் இந்த வரிக்கும் தகப்பன் என்பது வேடிக்கை. ஆனால் கணக்கு நேர்மையானது. ஒரு வருமானத்தை மூடினால் இன்னொன்றைக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1971-ல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தள்ளிவைக்க முடிவெடுத்தது. தொண்ணூறைத் தாண்டிய ராஜாஜி, முதல்வர் கருணாநிதியை நேரில் போய்ப் பார்த்து, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தேர்தலில் எதிர்த்துத் தோற்ற அணியைச் சேர்ந்தவர், ஜெயித்தவர் வீட்டு வாசலுக்குப் போவது சுலபமா? போனார். பலன் இல்லை. 1972 டிசம்பர் 25 அன்று காலமானார். 1974-ல் மதுவிலக்கு திரும்பி வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

விலை யார் கொடுத்தது?

ஒரு தலைவர் மாறும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அந்த மாற்றத்துக்கு விலை கொடுத்தது யார்?

1942-ல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தை ராஜாஜி ஏற்கவில்லை. முஸ்லிம் லீக்கின் கோரிக்கையை ஒப்புக்கொண்டு சமரசம் காண வேண்டும் என்றார். ஊரே எதிர்த்தது. காங்கிரஸை விட்டும் சட்டமன்றத்தை விட்டும் விலகினார். அங்கே விலை கொடுத்தது அவர்.

1938-ல் அப்படி இல்லை. அவர் எடுத்த முடிவுக்கு விலை கொடுத்தவர்கள் நடராசனும் தாளமுத்துவும். பிற்காலத்தில் அவர் நிலை மாறியது. போன உயிர்கள் திரும்பவில்லை. அவரை மதிப்பவர்களும் இதை மறைக்கக் கூடாது.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். “இவர் நல்லவரா, கெட்டவரா?” என்று பிள்ளைகள் கேட்டால், அவசரப்பட்டு பதில் சொல்லிவிடாதீர்கள். இந்த இரண்டு கதைகளையும் சேர்த்தே சொல்லுங்கள். நாளை ஓட்டுப் போடப் போகிறவர்கள் அவர்கள்தானே!