திரையில் வழிநூல்



முன்பு வெளிவந்து புகழ்பெற்ற வீரக் கதைப் படத்தைச் சில ஆண்டுகள் கழித்து, வேறு நடிகரைக் கொண்டு, மீண்டும் முதலிலிருந்து எடுக்கும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. மேல்நாட்டார் இதனை ‘ரீபூட்’ என்பர். இது பழைய படத்தின் தொடர்ச்சியன்று. பழையதை ஒதுக்கி வைத்துவிட்டு, வீரனின் கதையை அவன் தொடக்கத்திலிருந்தே மறுபடியும் சொல்வதாகும். அவ்வாறு வரும் புதுப்படம் பழையதைவிட மேம்பட்டதா என்னும் கேள்வி வீட்டுக்கு வீடு எழுகின்றது. தந்தை பழையதற்காக வாதாடுகிறார். மகன் புதியதற்காக வாதாடுகிறான். உற்று நோக்கினால், இருவரும் பெரும்பாலும் தத்தம் இளமைக்காகவே வாதாடுகின்றனர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் ஓசூர் போன்ற எல்லை ஊரிலோ, ஒரே கதை மொழிக்கு மொழி உருமாறி வருவதால் இவ்வழக்கு இன்னும் மிகுதி. வழக்கைத் தீர்க்க ஓர் அளவுகோல் வேண்டும்.

அவ்வளவுகோல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. கோலாரைத் தம் குலப் பழம்பதியாகக் கொண்ட கங்கர் மரபினனான சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றிய நூல் நன்னூல். அது நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுக்கின்றது. முதல்நூலின் முடிவோடு ஒத்து நின்று, பின்னவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் கூறுவது வழிநூல். சிறிதளவே ஒத்துப் பெரிதும் வேறுபடுவது சார்புநூல். ஒத்து நிற்பது மட்டும் போதாது, வேறுபாடும் வேண்டும் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வேறுபாடு காரணத்தோடு கூடியதாகவும் இருத்தல் வேண்டும். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்லவைத்தான். கதை மாறவில்லை, ஆயினும் தமிழ் மக்கள் போற்றிய கற்பு நெறிக்கு ஏற்ப அது புத்துருவம் பெற்றது. காரணமுள்ள வேறுபாடு என்பது இதுவே.

இனி இவ்வளவுகோலைத் திரைக்குக் கொண்டு வருவோம். மேல்நாட்டுச் சூப்பர் ஹீரோ ஒரே உடலில் இருவராக வாழ்பவன். பகலில் எளிய மனிதன். முகமூடி அணிந்தால் பேராற்றல் படைத்தவன். நம் திரையில் அந்த இருமைக்கு நெருங்கியது இரட்டை வேடம். ஒரே முகம் அரசனுக்கும் குடிமகனுக்கும் வாய்த்துவிடுகிறது. 1940-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘உத்தமபுத்திரன்’ இவ்வகைக்கு முன்னோடி. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய படம் அது. எடுத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவையாதலால், அது நம் மாவட்டத் தலைநகரில் பிறந்த படம் என்றே சொல்லலாம். பி.யு. சின்னப்பா இருவேடங்களில் நடித்தார்; கன்னட நாட்டில் பிறந்த எம்.வி. ராஜம்மா கதாநாயகியாக விளங்கினார்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1958-இல், அதே பெயரில் அக்கதை மீண்டும் வந்தது. டி. பிரகாஷ்ராவ் இயக்கினார், ஸ்ரீதர் கதை வசனம் எழுதினார், சிவாஜி கணேசன் இருவேடம் பூண்டார். எது மேம்பட்டது? ஒளிப்பதிவு வளர்ந்திருந்தது. சூம் லென்ஸ் தமிழ்த் திரைக்கு வந்த தொடக்கப் படங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் கருவியின் வளர்ச்சி காலம் தரும் கொடை. அதைக் கலைஞனின் கணக்கில் வரவு வைத்தல் ஆகாது. சின்னப்பா தாமே பாடி நடித்தவர். சிவாஜிக்கோ டி.எம். சௌந்தரராஜன் பின்னணி பாடினார். பாட்டின் சுமை நீங்கிய நடிகர், ஒரே முகத்தில் இருவரை நடையாலும் பார்வையாலும் பிரித்துக் காட்டுவதில் தம் முழு ஆற்றலையும் செலுத்த முடிந்தது. அரண்மனைச் செருக்கில் வளர்ந்தவன் ஒருவன், எளிய மக்களிடையே வளர்ந்தவன் ஒருவன். வளர்ப்பே மனிதனை ஆக்குகிறது என்னும் கருத்து அந்நடிப்பால் கூர்மை பெற்றது. ஆகவே இதனை நல்ல வழிநூல் என்று கூறத் தடையில்லை.

அதே 1958-இல் வந்த ‘நாடோடி மன்னன்’ சார்புநூலுக்குச் சான்று. எம்.ஜி.ஆரும் முதலில் உத்தமபுத்திரன் கதையையே எடுக்க எண்ணி, பின்னர் அதனை விட்டு இதனை மேற்கொண்டார் என்பர். ஆந்தனி ஹோப் 1894-இல் எழுதிய ‘செண்டா’ நாவலில், அரசனைப் போன்ற முகமுடைய ஆங்கிலேயன் ஒருவன் சில காலம் அரசனாக நடித்து, அரியணையைக் காத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். நம் படத்திலோ, அரசன் இடத்தில் அமரும் வீராங்கன் குடிமக்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்த நாடோடி. அரியணை கிடைத்ததும் அவன் மக்களுக்காகச் சட்டங்கள் அறிவிக்கிறான். “அரசனைக் காப்பது எப்படி?” என்ற பழங்கேள்வி, “அரசு யாருக்காக?” என்ற புதுக்கேள்வியாயிற்று. குடியாட்சி மலர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில் அக்கேள்விக்கு இருந்த வலிமை பெரிது.

இனி நம் இளைஞர் நன்கறிந்த ‘பில்லா’வைக் காண்போம். 1978-இல் இந்தியில் வந்த ‘டான்’, 1980-இல் ரஜினிகாந்த் நடிக்கத் தமிழில் ‘பில்லா’ ஆயிற்று. 2007-இல் விஷ்ணுவர்தன் இயக்க, அஜித்குமார் நடித்து அது மறுபடியும் வந்தது. மலேசியாவின் மாடமாளிகைகளும், இருள் கலந்த ஒளியும், யுவன் சங்கர் ராஜாவின் இசையும் கண்ணையும் காதையும் கவர்ந்தன. ஆனால் கதையின் உயிர் எங்கே இருக்கிறது? குற்றவாளியின் முகத்தை அணிந்துகொள்ள நேர்ந்த எளியவனின் தவிப்பில் இருக்கிறது. பழைய படத்தில், தெருவில் ஆடிப்பாடிப் பிழைக்கும் ராஜப்பா நம் நெஞ்சில் நிற்கிறான். புதிய படத்தில் அந்த எளியவனுக்குரிய இடம் சுருங்கி, பில்லாவின் உடையும் நடையுமே ஓங்கி நிற்கின்றன. மெருகில் புதியது வென்றது. மனிதனைக் காட்டுவதில் பழையது வென்றது என்பது என் தீர்ப்பு.

மேல்நாட்டுப் படங்களிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். 1989-இல் டிம் பர்ட்டன் எடுத்த ‘பேட்மேன்’ படத்தில், வீரனின் பெற்றோரைக் கொன்றவனே பிற்காலத்தில் ஜோக்கர் என்னும் பகைவனாகிறான். கதை பழிக்குப் பழியாக முடிகிறது. 2005-இல் கிறிஸ்டோபர் நோலன் கதையைப் புதிதாகத் தொடங்கியபோது, கொன்றவனை வறுமையில் வாடும் நகரத்து வழிப்பறிக்காரனாக்கினார். பழிவாங்கத் துடிக்கும் இளைஞன், பழி வேறு, நீதி வேறு என்று கற்க வேண்டியதாயிற்று. ஒரே ஒரு மாற்றம் கதையின் அறத்தையே உயர்த்திவிட்டது. ‘ஸ்பைடர்மேன்’ நிலை வேறு. 2002-இல் வந்த கதையைப் பத்தே ஆண்டுகளில், 2012-இல், சிலந்திக் கடி முதல் வளர்ப்புத் தந்தையின் சாவு வரை மீண்டும் சொன்னார்கள். அறிந்ததையே கேட்டவர்க்கு அலுப்புத் தட்டியதில் வியப்பில்லை. 2017-இல் மூன்றாம் முறை தொடங்கியவர், மக்கள் அறிந்த அப்பகுதியைக் காட்டாமலே விட்டார். எதை விடுவது என்பதை அறிதலும் வழிநூல் செய்வோனுக்குரிய திறமே.

ஓசூர்த் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர்க்கு இதனை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்கு வண்ணம் மாற்றிப் புது மாடல் என்று பெயரிட்டால் வாங்குபவன் ஒருமுறை ஏமாறுவான். பழைய வண்டியின் குறை எது என்று ஆராய்ந்து இயந்திரத்தைத் திருத்தினால்தான் அது புது மாடல். படத்திற்கும் இதுவே முறை.

இதில் நாம் இழக்கக்கூடிய பொருள் ஒன்றும் உண்டு. ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் இருக்க வேண்டும். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. அதன் பின் வந்த பல படங்களும் அவ்வாறே மறைந்தன. பழைய படச்சுருளைக் காப்பதற்கென்று பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது 1964-இல்தான். செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையர் இல்லையேல், நாம் பெருமை பேசும் நூல்கள் பல வெறும் பெயராகவே நின்றிருக்கும். புதுப்படம் வந்துவிட்டது, பழையது எதற்கு என்று எண்ணும் சமுதாயம், புதுப்படத்தின் பெருமையையும் அறிய முடியாமற் போகும். வான்மீகம் நிலைத்திருப்பதனால் அன்றோ கம்பன் செய்த மாற்றத்தின் அருமை நமக்குத் தெரிகிறது!

ஆகவே பெற்றோர்க்கு ஒன்று கூறுவேன். பிள்ளைகள் புதிய வீரனைக் காண விரும்பினால் தடுக்காதீர்கள். அதற்கு முந்தைய படம் கிடைக்குமாயின் அதனையும் அவர்களோடு அமர்ந்து பாருங்கள். பின்னர், “என்ன மாறியிருக்கிறது? ஏன் மாற்றினார்கள்? அம்மாற்றத்தால் அந்த வீரன் மேலான மனிதன் ஆனானா?” என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்லும் விடை நம் விடையினின்று வேறுபடலாம், அதனால் கேடில்லை. காரணம் காட்டிச் சொல்லப் பழகினால் போதும். எது மேம்பட்டது என்பதை விளம்பர ஆரவாரம் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டிய தேவை இராது.