வெட்கம் தடையாக வேண்டாம்



எனக்குத் தெரிந்த ஒரு தாய். மார்பில் சிறு கட்டி. வலி இல்லை என்பதால் ஒரு வருடம் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. வைத்தியரிடம் போனபோது நோய் அக்குள்வரை பரவியிருந்தது. "அந்நிய ஆணிடம் காட்டுவது பாவம் என்றுதான் பயந்தேன், மௌலவி" என்றார். அந்த வார்த்தை என்னைச் சுட்டது. குளிப்பு, தொழுகை என்று எத்தனையோ மஸ்அலாக்கள் சொன்ன நான் இதைச் சொன்னதே இல்லை.

இப்போது சொல்கிறேன், கேளுங்கள். பெண் வைத்தியரைத் தேடுவதே முதல் வழி. அவர் கிடைக்காதபோது ஆண் வைத்தியரிடம், இன்னொரு பெண் உடனிருக்க, தேவையான அளவு மட்டும் காட்டுவதை மார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கட்டி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் சுகவனிதையர் கிளினிக் இலங்கையில் 1996 முதல் நடக்கிறது. 35, 45 வயதுப் பெண்களையே முக்கியமாக அழைக்கிறார்கள். மார்பகம், கருப்பைக் கழுத்து, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் பார்ப்பார்கள். காசு இல்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் முற்றப் பல வருடங்கள் எடுக்கும். அதற்கு முந்திய மாற்றத்தைப் பரிசோதனையில் கண்டால் நோயே வராமல் தடுக்கலாம். எப்போது, எங்கே என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பிள்ளையின் நிறை பார்த்தாரே, அவரேதான். மகள் ஆறாம் தரத்தில் இருந்தால், 2017 முதல் பாடசாலையில் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசிக்குக் கையொப்பமிட மறுக்காதீர்கள்.

நோய் கண்டால் மகரகமவுக்குத்தான் ஓடவேண்டும் என்ற பழைய பயமும் வேண்டாம். 1990 ஜூனில் தெல்லிப்பழைப் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஒக்டோபரில் நாமும் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோம். அந்தத் தெல்லிப்பழையில் இன்று புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்தே நிதி திரட்டினார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் கொடுத்த காசு அது.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியைக் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு நீங்கள் வெற்றிலையும் புகையிலையும் மென்றுகொண்டிருந்தால் எப்படி? வாயில் ஆறாத புண் இருந்தால் நீங்களும் காட்டுங்கள்.

அந்தத் தாய்க்கு மருந்து நடக்கிறது. போன மாதம், 35 வயதான மருமகளைத் தானே கையைப் பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாராம்.