மணலில் நிற்கும்போதே உயரம் ஏறுவது ஏன்?

மாம்புரிக் கடற்கரை, காலை 10 மணி. விக்டோரினாக்ஸ் ட்ராவலர் லைட் கத்தியின் குட்டித் திரையில் உயரத்தைப் பூச்சியத்தில் வையுங்கள். பின்னேரம் 4 மணிக்கு அதே மணலில் நின்று பார்த்தால் 20, 25 மீட்டர் காட்டும்!

கத்தி பழுதில்லை. அதற்கு உயரம் தெரியாது. காற்றழுத்தம் மட்டுமே தெரியும். கடல்மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், சுமார் 8 மீட்டர் ஏறிவிட்டதாகக் கணக்குப் போடும்.

கடலைப் போல வளிமண்டலத்துக்கும் வற்றுப்பெருக்கு உண்டு. வெயில் மேலேயுள்ள ஓசோனையும் நீராவியையும் சூடாக்குவதால் வருவது அது. வெப்பமண்டலத்தில் அழுத்தம் 10 மணியளவில் உச்சம், 4 மணியளவில் தாழ்வு, பகலிலும் இரவிலும். வித்தியாசம் ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல்.

நுவரெலியாவுக்கா பயணம்? புறப்படும்போது இங்கேயே பூச்சியமாக்குங்கள். கடலைவிட நல்ல அளவுகோல் கிடையாது. விமானமென்றால் மட்டும், கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள்.