ஔலியின் பாரம் யார் தலையில்?

2019 ஜூனில் உத்தரகண்டின் ஔலியில் நாள் கணக்கில் ஒரு கல்யாணம் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் ஜேக்கப் ஜூமா ஆட்சியில் செல்வாக்கோடு இருந்து, ஊழல் புகார்கள் கிளம்பியதும் அந்த நாட்டை விட்டுப் போன குப்தா சகோதரர்கள் வீட்டு விசேஷம் அது. மாப்பிள்ளைகள் இரண்டு பேர். செலவு 200 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. மாநில அரசுக்கும் சந்தோஷம்தான். சுவிட்சர்லாந்துக்குப் போகிற பணக்காரக் கல்யாணங்களை இமயமலைக்கு இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டது. உயர்மலைப் புல்வெளிகளில், அந்த ஊர்க்காரர்கள் புக்யால் என்று சொல்லும் இடங்களில், கட்டுமானம் கூடாது என்று மாநில உயர் நீதிமன்றம் அதற்கு முந்தைய வருடம்தான் உத்தரவிட்டிருந்தது. கல்யாணத்தை எதிர்த்து வழக்கு வந்ததும், சுற்றுச்சூழல் சேதத்துக்கு ஈடாக 3 கோடி ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னது நீதிமன்றம்; ஹெலிகாப்டர் இறங்கவும் தடை போட்டது. விருந்து முடிந்தபின் நூற்றுக்கணக்கான குவிண்டால் குப்பையை அள்ளியது ஜோஷிமட் நகராட்சி. பந்தல் போட வந்த கூலியாட்களுக்குச் சரியான கழிப்பறை இல்லாமல் அவர்கள் வெட்டவெளியில் ஒதுங்கியதும், மழை அதை மலைச்சரிவில் கீழே கொண்டுபோகும் என்பதும்கூட நீதிமன்றத்தின் முன் வந்தன.

இந்த வழக்கில் எல்லோரும் குப்பையைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்த நகராட்சியின் பெயர்தான் முக்கியமாகப் படுகிறது. ஔலிக்கென்று தனி ஊர் நிர்வாகம் கிடையாது. ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேலே பைன், தேவதாரு மரங்களும் பனிச்சரிவும் நந்தாதேவி தரிசனமுமாக இருக்கும் ஔலி, உண்மையில் அதற்குக் கீழே 1,900 மீட்டர் வாக்கில் தொற்றிக்கொண்டிருக்கும் ஜோஷிமட்டின் மாடி. சாலை அந்த ஊர் வழியாகத்தான் ஏறுகிறது. நான்கு கிலோமீட்டர் நீள ரோப்காரும் அங்கிருந்துதான் கிளம்பியது. சமையல்காரர், குதிரைக்காரர், ஓட்டல் பையன், காய்கறி, கேஸ் சிலிண்டர் எல்லாம் கீழேயிருந்துதான் போக வேண்டும். உலகத்தில் எந்தச் சொகுசுப் பனிக்கிராமத்துக்கும் இப்படி ஒரு அடிவாரம் இருக்கும். விளம்பரப் படத்தில் அது வராது, அவ்வளவுதான்.

அந்த அடிவாரத்தின் நிலைமை அரசுக்குத் தெரியாததல்ல. ஜோஷிமட் உட்கார்ந்திருப்பது கெட்டிப் பாறையின்மேல் அல்ல, பழைய நிலச்சரிவு கொண்டுவந்து குவித்த மண்ணிலும் உருண்டைக் கற்களிலும் என்று அரசே நியமித்த மிஸ்ரா கமிட்டி 1976-லேயே சொல்லிவிட்டது. பெரிய கட்டடம் வேண்டாம், வெடி வைத்துப் பாறை உடைக்க வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம், மழைநீர் ஓட வழி செய்யுங்கள் என்றது. நடந்ததோ நேர்மாறு. 2023 ஜனவரியில் 800-க்கும் அதிகமான கட்டடங்களில் விரிசல் விட்டது. 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் நிலம் இறங்கியிருப்பதாக இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அந்த அறிக்கையும் சீக்கிரமே இணையதளத்திலிருந்து காணாமல் போனது. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்ற மலாரி இன், மவுன்ட் வியூ என்ற இரண்டு ஓட்டல்களை மாடி மாடியாகப் பிரித்து இறக்கினார்கள். ஔலி ரோப்காரும் நின்றது. வீட்டை விட்டு வெளியேறிய குடும்பத்துக்கு உடனடி உதவியாக அறிவிக்கப்பட்ட தொகை ஒன்றரை லட்சம் ரூபாய்.

ஜோஷிமட் இறங்கியதற்கு ஔலி என்ன செய்யும், பழி தபோவன்-விஷ்ணுகாட் நீர்மின் திட்டச் சுரங்கத்துக்கல்லவா என்று கேட்கலாம். உள்ளூர்ப் போராட்டக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள், திட்டத்தைக் கட்டும் என்டிபிசி மறுத்தது. இதில் தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. ஆனால் பலவீனமான சரிவின் தலையில் ஏற்றுகிற ஒவ்வொரு பாரமும் கணக்கில் வர வேண்டும் என்பதற்கு அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காக ஔலியில் பனி தயாரிக்கும் இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்குத் தண்ணீர் கொடுக்கச் செயற்கை ஏரியும் வெட்டினார்கள். வானம் தராத பனியை அடித்து நிரப்ப, வடிகாலே சரியில்லாத ஊரின் தலைக்கு மேல் தண்ணீரைத் தேக்குவது புத்திசாலித்தனமா என்று கேட்க நிலவியல் பட்டம் வேண்டாம்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது. ஔலி பணக்காரர்களுக்கு மட்டுமான இடமல்ல. கர்வால் மண்டல வளர்ச்சிக் கழகத்தின் அரசு விடுதி அங்கே இருக்கிறது. பெங்களூரு ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு குடும்பம் ரயிலேறி ஹரித்வாரில் இறங்கி, ஒரு நாள் முழுக்க மலைப்பாதையில் குலுங்கிப் போய்க்கூடப் பனியைத் தொட்டுவிட்டு வரலாம். கட்டுப்பாடு என்று ஆரம்பித்தால் முதலில் அடிபடுவது இவர்கள்தானே? நியாயமான பயம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸ் வண்டிகளைத்தான் எண்ணுகிறது. ஒரு நாள் வந்து போகிறவருக்கும் அது கெடுபிடி. மலையில் நிரந்தரமாக நிற்கிற பங்களா எந்தச் சோதனைச்சாவடியிலும் மாட்டாது.

ஆகவே எண்ண வேண்டியது கட்டடத்தை. சுவிட்சர்லாந்தை முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் அந்த நாட்டின் சட்டத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் விடுமுறை வீடுகள் ஒரு ஊரின் மொத்த வீடுகளில் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2012 மார்ச்சில் அந்நாட்டு மக்கள் வாக்கெடுப்பில் முடிவு செய்தார்கள். ஐம்பது சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டிய வாக்குகளில்தான் ஜெயித்தது. மலை ஊர்கள் பலவும் வேலை போய்விடும் என்று எதிர்த்தன. இருந்தும் சட்டம் நிற்கிறது, அங்குள்ள சொகுசுப் பனி ஊரான செயின்ட் மோரிட்ஸுக்குக் கூட்டமும் குறையவில்லை.

வருமானம் வேண்டாம் என்று ஜோஷிமட்காரர் யாரும் சொல்லமாட்டார். ரோப்கார் நின்றபோது வயிற்றில் அடிபட்டது அவர்களுக்குத்தான். அதனாலேயே மேலே எத்தனை படுக்கை, எவ்வளவு தண்ணீர் என்பதைக் கீழே உள்ள மண்ணின் தாங்குதிறனை அளந்தபிறகு முடிவு செய்ய வேண்டும். கல்யாணத்துக்கு 3 கோடி கட்டச் சொன்ன மாதிரி ஒவ்வொரு புது ஓட்டலுக்கும் ஒரு தொகை வைத்து, அதை ஜோஷிமட்டின் கழிவுநீர்க் குழாய்க்கும் மழைநீர் வடிகாலுக்கும் கொடுக்கலாம். அந்த வடிகால் வேலை முடியும்வரை ஔலியில் புதிதாக ஒரு செங்கல்லும் வைக்க அனுமதி தரக் கூடாது.