பொன்னாடை வேண்டாம், லைட்டை அணையுங்கள்!

பத்து நிமிஷம் ஓவர்டைம் என்றாலே வவுச்சர் எழுதுகிற ஆசாமிகள் நாம். சென்னையில் 1988-லிருந்து ஒரு கூட்டம் சம்பளமே இல்லாமல் நைட் டூட்டி பார்க்கிறது, சார்!

எஸ்.எஸ்.டி.சி.என். என்ற கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள். ஜனவரி பிறந்தால் நீலாங்கரை டு பெசன்ட் நகர் ராத்திரி நடை. பங்குனி ஆமை மணலில் இட்டுப் போன நூறு சொச்சம் முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். சுமார் 45 நாளில் குஞ்சுகள் கடலுக்கு. ஆயிரத்தில் ஒன்று பிழைத்தால் பெரிசு. நான் படித்த பி.காம். கணக்குப்படி சுத்த நஷ்டம்! மாணவராக வந்து, தலை நரைத்தும் நடக்கிறவர்கள் உண்டு.

மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தலாம், தப்பில்லை. ஆனால், தெரு வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ரோட்டுக்கு வந்து சாகிறதே குஞ்சு? ஆமை சீஸனில் பீச்சோர விளக்குகளை அணையுங்கள். ஒரு ராத்திரியாவது கூட நடங்கள். அதுதான் நிஜமான மரியாதை!